மார்பிள் தின்ற காடி

அட, அந்த அயனம்பாக்கத்துச் சம்பந்தியம்மா கெட்டவள் இல்லை பாத்திமா. அவளுடைய கிரகப்பிரவேசத்தில் நான் செய்த உபகாரத்துக்கு வேறு யாராவது என்றால் என் பேத்தி செல்வியை அன்றைக்கே வேண்டாம் என்றிருப்பார்கள். (என்னை எப்போதுமே யாரும் வேண்டும் என்றதில்லை, அது வேறு கதை.)

செல்விக்கு அப்போது பேச்சு மட்டும்தான் முடிந்திருந்தது, நிச்சயம் ஆகவில்லை. புது ஃப்ளாட், வெள்ளை மார்பிள் தரை. ஹோமம் முடிந்ததும் அதில் ஒரு மஞ்சள் கறை. யாரோ சோப்புத் தூள் போட்டுத் தேய்க்க, மஞ்சள் ரத்தமாய்ச் சிவந்துவிட்டது.

"பால் காய்ச்சின நாளும் அதுவுமா இன்னா இது, ரத்தம் மாரி கீதே!" என்று சம்பந்தியம்மா அலறினாள்.

"வரப்போற பொண்ணோட ராசியோ இன்னாவோ..." என்று ஒருத்தி இழுத்தாள்.

நான் பையைத் துழாவினேன். ஊறுகாய்க்கு ஆகுமே என்று அவர்களுக்குக் கொண்டுபோன காடி (வினிகர்தான்) பாட்டில் அதில் இருந்தது. அன்னாசித் தோலும் வெல்லமும் தண்ணீரும் போட்டு நானே புளிக்க வைத்தது. முதலில் கள் வாடை வரும் (மருமகன் ஜாடியை விசாரிப்பது அப்போதுதான்). துணி கட்டிக் காற்றுப்பட விட்டால், போதையெல்லாம் போய் மூக்கைத் துளைக்கும் புளிப்பாகிவிடும்.

ஊற்றினேன். நுரைத்தது. சிவப்பு மறுபடி மஞ்சளானது!

"இன்னா பெரிம்மா, மந்திரமா?" என்றாள் சம்பந்தியம்மா. அவ்வளவுதான், எனக்குத் தலைகால் புரியவில்லை. பாட்டிலையே கவிழ்த்தேன்.

"பாரு, அழுக்கு எப்டி பொங்கினு வருது! ஊறட்டும், துன்னுட்டு வந்து தொடைக்கலாம்," என்றேன் நான்.

காலேஜில் கெமிஸ்ட்ரி படித்த செல்வி ஓடிவந்தாள். "ஆயா, அது அழுக்கில்ல, கல்லு கரையுது! சோப்புல கீற காரத்துல மஞ்சள் செவந்துச்சி. உன் காடி ஆசிடு, அந்தக் காரத்த அடிச்சிடுச்சி. இப்ப சுண்ணாம்புக் கல்ல துன்னுது. தண்ணி ஊத்து, சீக்கிரம்!"

"மாமியார் ஆவப்போறவ முன்னாடி இன்னாடி சத்தம்? வாய மூடு," என்றேன்.

மூடினாள்.

பாயசம் முடிந்து வந்து துடைத்தால், தாம்பாளம் அளவுக்குத் தரை பாலிஷ் போய்ச் சொரசொரவென்று கிடந்தது. சம்பந்தியம்மா விரலால் தடவிப் பார்த்தாள், அதன்மேல் ஒரு பாயை விரித்தாள். கல்யாணமும் நடந்தது. இன்றைக்கும் அந்த வீட்டில் குழாய் ஒழுகினாலும் பால் திரிந்தாலும் செல்வியின் வீட்டுக்காரர், "ஊறட்டும், துன்னுட்டு வந்து தொடைக்கலாம்" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும்தான்.

போன வாரம் போயிருந்தேன். செல்வியை வேலையை விடச் சொல்லி மாமியார் வீட்டாரே பேசி முடித்தார்கள். செல்வி ஏதோ சொல்ல வந்தாள். என்னைப் பார்த்தாள். சொல்லாமல் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

இரு பாத்திமா, மேலே டேங்க் வழிகிறது, மோட்டாரை நிறுத்திவிட்டு வருகிறேன்.