பதினோரு எருமைகளும் ஒரு பூங்காவும்

காலை ஆறரை மணிக்கு ஜகதீசன் எண்ணிப் பார்த்தபோது, காலனியின் காலி மனையில் கன்றோடு சேர்த்து எருமைகள் பதினொன்று இருந்தன. நம்பிக்கை வராமல் எதிர்ப்பக்கம் போய் நின்று இன்னொரு தடவை எண்ணினான். அங்கிருந்தும் பதினொன்றுதான்.

பதினோரு மணிக்கு மாநகராட்சி என்ஜினீயர் வந்து இடத்தைப் பார்க்கிறார். ஜகதீசன் கையிலிருந்த தாளில் ஏழாவது வரி, 'இடம் காலியாக இருக்க வேண்டும்' என்றது. மற்ற ஆறு வரிகளுக்கும் முந்தின நாளே பச்சை மையில் டிக் அடித்தாகிவிட்டது. தினமும் பார்த்துப் பார்த்து எருமைகள் அவன் கண்ணுக்கு மறைந்தே போயிருந்தன. பேகம்பேட்டில் ஒரு கம்பெனியில், அடுத்தவர்கள் எழுதும் சாப்ட்வேரில் தப்புக் கண்டுபிடிப்பதற்குத்தான் அவனுக்குச் சம்பளம்.

ஹைதராபாத் ஹப்சிகுடாவில் அந்தக் காலனி உருவானபோதே, பூங்கா என்று வரைபடத்தில் ஒதுக்கிய ஆயிரம் சதுர கஜம் நிலம் அது. அங்கே புல் போட்டு, வேலி கட்டி, இரண்டு ஊஞ்சல் வைக்கப் பணம் கேட்டுக் காலனிக்காரர்கள் இரண்டு வருஷமாக மனுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்று தடவை திரும்பி வந்தது. முதல் தடவை, வரைபடம் இல்லை என்று. இரண்டாம் தடவை, வரைபடத்தில் வடக்கு எது என்று காட்டும் அம்புக்குறி இல்லை என்று. மூன்றாம் தடவை அம்புக்குறி சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டவர்களில் நான்கு பேர் அதற்குள் அமெரிக்கா போய்விட்டார்கள்.

திருப்பி அனுப்பிய என்ஜினீயர் ராகவேந்திரா ஒரு தடவைகூட முகம் சுளித்ததில்லை. உட்காரச் சொல்லி, டீ வரவழைத்துக் கொடுத்து, சிரித்தபடியேதான் அனுப்பினார். மனுஷர் நல்லவர், சட்டதிட்டம்தான் இப்படி என்று ஜகதீசன் வீட்டில் சொன்னான்.

அவன் மனைவி கிரிஜா அப்படி நினைக்கவில்லை. ஜனவரியில் தெருவில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்த மகள் ஸ்ரேயாவை ஒரு ஆட்டோ இடித்து முழங்கை முறிந்தது. மாவுக்கட்டுப் பிரித்த மறுநாள், காலனிப் பெண்கள் நாற்பது குழந்தைகளை அழைத்துக்கொண்டு மாநகராட்சி அலுவலகத்துக்குப் போய், விளையாட வேறு இடமில்லை என்று சொல்லி வராந்தாவில் அவிழ்த்துவிட்டார்கள். இருபது நிமிஷத்தில் இடத்தைப் பார்வையிடத் தேதி கிடைத்தது.

"இதோ பாருங்க, பார்க் வந்தா ஹைதராபாத்" என்று கிரிஜா கணவனிடம் சொல்லியிருந்தாள். "வரலேன்னா பரீட்சை முடிஞ்சதும் அண்ணா நகர், எங்கம்மா வீட்டு மாடி போர்ஷன்."

மாமியார் வீட்டு மாடி போர்ஷனை ஜகதீசன் பார்த்திருக்கிறான். அதற்குத் தனி வாசல் கிடையாது.

எருமைகளின் சொந்தக்காரர் மல்லய்யா, காலனியின் தமிழ் வீடுகளோடு இருபது வருஷம் பழகித் தமிழ் பேசுகிறவர். மத்தியானம் வரைக்கும் ஓட்டிப் போகத் தனக்கு ஆட்சேபணை இல்லை என்றார்.

"ஆனா எங்க போறது சார்? மார்ச் வெயில்ல நிறுத்தினா மடி வத்திடும். உங்க பில்டிங் செல்லார் ஜில்லுனு இருக்குமே."

அடுக்குமாடிக்கு அடியில் சரிவாக இறங்கும் கார் நிறுத்தத்தைத்தான் அந்த ஊரில் செல்லார் என்பார்கள். அங்கே எட்டு கார்கள் இருந்தன. கார்களை எங்கே விடுவது? சந்தில் விட்டால் தண்ணீர் லாரி நுழையாது. ஜகதீசன் தாளின் பின்பக்கத்தில் படம் போட்டுப் பார்த்தான். படத்திலும் இடமில்லை.

முதல் மாடி அம்பி மாமா, பாதுகாப்புத் துறை ஆய்வுக்கூடத்தில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர், பால்கனியிலிருந்தே தீர்ப்புச் சொன்னார்.

"காரையெல்லாம் அந்தக் காலி மனையிலேயே விடுடா. எருமை உள்ளே போய், ஸ்கூல் பஸ் கூட்டமும் குறைஞ்சதும் மெயின் ரோடுக்கு எடுத்துடலாம். பத்து நிமிஷ வேலை. இதுக்குப் போய் 'கைக்கு' கவலைப்படறே?" ஏன் என்பதற்கு அவர் வாயில் ஹைதராபாத் உருதுதான் வரும்.

இரண்டாவது மாடி ஸ்டெல்லாவின் கார் வந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூட அவள் இன்னும் பிரிக்கவில்லை.

"சாணியில நிக்கவா சார் லோன் போட்டு வாங்கினேன்?" என்றாள். ஆனாலும் எடுத்து வந்து விட்டாள். மூன்றாவது மனுவில் முதல் கையெழுத்தே அவளுடையது.

எட்டு கார்களும் மனைக்கு வந்து சேர்ந்தன. கோணல்மாணலாக நின்றதை ஜகதீசனால் பொறுக்க முடியவில்லை. முன்னால் வா, பின்னால் போ என்று கை காட்டி, நாலு நாலாக இரண்டு வரிசை ஆக்கினான். அதில் இருபது நிமிஷம் போனது.

எருமைகள் நல்ல பிள்ளைகளாகச் செல்லாருக்குள் இறங்கின. எல்லாவற்றிலும் பெரியது, ராணி என்று பெயர், கடைசியாக வந்தது. சரிவின் நடுவில் நின்று யோசித்து, அங்கேயே படுத்துக்கொண்டது.

மல்லய்யா தட்டினார், கெஞ்சினார், தெலுங்கில் அதன் தாயைப் பற்றி ஏதோ சொன்னார். ராணி அசைபோட்டது. பச்சைப் புல்லைக் காட்டினால்தான் எழுந்திருக்கும் என்று சொல்லி, மொபெட்டை எடுத்துக்கொண்டு அவர் புல் வாங்கப் போனார்.

அவர் வரும்வரை சும்மா இருந்திருக்கலாம். அம்பி மாமாவுக்குச் சும்மா இருந்து பழக்கமில்லை.

"உஷ்ணம்டா அதுக்கு. ரெண்டு பக்கெட் தண்ணி ஊத்து, சிலிர்த்துண்டு எழுந்துக்கும்."

"நிச்சயமா மாமா?"

"ஹவ்" என்று உருதுவிலேயே ஆமாம் போட்டார் மாமா. "நான் பார்த்திருக்கேன்."

எங்கே பார்த்தார் என்று ஜகதீசன் கேட்டிருக்க வேண்டும். நான்கு பக்கெட் ஊற்றினான். சரிவெல்லாம் தண்ணீர் ஓடி, கீழே குட்டையாகத் தேங்கியது. ராணி கண்ணை மூடி, காலை நீட்டி, இன்னும் சௌகரியமாகப் படுத்தது. தண்ணீரின் வாசனை பிடித்து உள்ளே இருந்தவற்றில் மூன்று மேலே ஏறி வந்து அதன் பக்கத்தில் படுத்தன.

"அன்னிக்குப் பார்த்தது பசுவோ என்னமோ" என்று சொல்லிவிட்டு அம்பி மாமா குளிக்கப் போனார்.

ஸ்டெல்லா கடிகாரத்தைப் பார்த்தாள். "சார், மணி எட்டே முக்கால். எருமையை விடுங்க. முதல்ல காரையாவது எடுப்போம்."

அவள் சாவியைக் கையில் எடுக்கவும் சந்துக்குள் ஜீப் நுழையவும் சரியாக இருந்தது. வெயிலுக்கு முன்னாலேயே பார்த்துவிடலாம் என்று வந்ததாக ராகவேந்திரா சிரித்தபடி இறங்கினார்.

மனையைப் பார்த்தார். இரண்டு வரிசைக் கார்களையும் நடந்து போய்ப் பார்த்தார். தமிழும் தெலுங்கும் இங்கிலீஷும் கலந்து, மிகவும் ஒழுங்காகப் பராமரிக்கிறீர்கள் என்று பாராட்டினார். பார்க்கிங்காக நல்ல உபயோகத்தில் இருக்கும் இடத்தை எதற்கு மாற்ற வேண்டும் என்றும் கேட்டார்.

இது பார்க்கிங் இல்லை, இன்று ஒரு நாள்தான், எங்களுக்குச் செல்லார் இருக்கிறது, வந்து உங்கள் கண்ணாலேயே பாருங்கள் என்று ஜகதீசன் அவரைக் கையைப் பிடிக்காத குறையாக அழைத்துப் போனான். பாதி வழியில்தான் அங்கே என்ன இருக்கிறது என்பது ஞாபகம் வந்தது. அதற்குள் அவர் பார்த்துவிட்டார்.

முதல்முறையாக ராகவேந்திராவின் முகத்தில் சிரிப்பு இல்லை. சேற்றில் ஷூ நனைவதையும் கவனிக்காமல் ராணியின் பக்கத்தில் போய்க் குனிந்தார்.

"இங்கே ஏன் கொண்டுவந்து அடைச்சீங்க? சிமென்ட் தரை எருமைக்கு ஆகாது. குளம்பு வெடிக்கும். தீவனம் வெச்சீங்களா?"

புல் வாங்கப் போயிருக்கிறார்கள் என்று ஜகதீசன் முனகினான். ராகவேந்திரா ராணியின் நெற்றியை இரண்டு தடவை தடவிக்கொடுத்தார். பிறகு ஜீப்பின் முன்பக்கத்தில் காகிதத்தை வைத்து, நின்றபடியே எழுதினார்: இடம் ஏற்கெனவே கார் நிறுத்தப் பயன்படுகிறது. கட்டடத்தின் கார் நிறுத்தம் மாட்டுத் தொழுவமாக இருக்கிறது. பூங்காவுக்கு அவசியம் காணப்படவில்லை. கால்நடைகளை உடனே பழைய இடத்துக்கு மாற்றவும்.

நகல் ஒன்றை ஜகதீசனிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

கிரிஜா படித்துப் பார்த்தாள். உள்ளே போய் அம்மாவுக்கு போன் போட்டு, மாடி போர்ஷனில் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்பது வாசல் வரை கேட்டது.

ஜகதீசன் செல்லார் சரிவின் ஓரச் சுவரில் உட்கார்ந்தான். கார்களைக் கோணல்மாணலாகவே விட்டிருந்தால் பார்க்கிங் மாதிரி தெரிந்திருக்காதோ? எருமைகளை இருந்த இடத்திலேயே விட்டிருக்கலாமோ? நாலு பக்கெட்டுக்குப் பதில் ரெண்டோடு நிறுத்தியிருந்தால்? தப்பு முழுக்கத் தன்னுடையது என்பது மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது. எந்த இடத்தில் என்பதுதான் பிடிபடவில்லை.

மொபெட்டின் பின்னால் புல்லுக்கட்டோடு மல்லய்யா வந்தார். புல்லைப் பார்த்ததும் ராணி எழுந்து நின்றது. ஜகதீசன் இருக்கிற இருப்பைப் பார்த்து, ஆபீசர் வந்துவிட்டுப் போயாச்சா என்று அவர் விசாரித்தார். ஜகதீசன் நடந்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னான். பாவம், ராகவேந்திரா சாரைச் சொல்லிக் குற்றமில்லை, எருமைகளைப் பார்த்து அவருக்கே மனசு கஷ்டப்பட்டுவிட்டது என்று முடித்தான்.

மல்லய்யா புல்லை உதறிப் போட்டுவிட்டு, தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கஷ்டமாத்தானே சார் இருக்கும்? ரெண்டு வருஷமா அவர் வீட்டுக்கு தினம் மூணு லிட்டர் இந்த ராணி பால்தான் போகுது. பார்க் வந்தா இதுங்களை எங்க கொண்டு போய்க் கட்டுவேன்னு நான் அழும்போதெல்லாம், 'நான் சீட்ல இருக்கற வரைக்கும் வராது மல்லய்யா, பயப்படாதே'ன்னு அவர்தான் எனக்குத் தைரியம் சொல்லுவார்."