பல்செட்டுக்கு ஒரு மண்டலம்

"இன்னா சாமி, சித்திரை மாசத்துல மாலை போட்டிருக்கீங்க. எந்த மலைக்கு?" என்று மஞ்சுளா கேட்டாள்.

"மலைக்கு இல்ல. பல்லுக்கு" என்றார் சடையன்.

ஜமுனாமரத்தூர் பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுப்பவள் மஞ்சுளா. அவள் கையில் பேனா அப்படியே நின்றது.

"நீதான சொன்ன, செட்டு வர ஒரு மண்டலம்னு வச்சிக்கோங்கன்னு. வச்சிக்கினேன். இன்னியோட பத்து நாளு. செருப்பு போடல. பல்லு இல்லாமலே கறி துண்ணுவேன், அதையும் வுட்டுட்டேன்."

பத்து நாளைக்கு முன்பு வரை யார் கேட்டாலும் "அடுத்த வாரம்" என்றுதான் மஞ்சுளா சொல்லிவந்தாள். கேட்பவர்களின் முகம் வாடுவதை அவளால் பார்க்க முடியாது. அடுத்த வாரம் வந்தவர்கள் டாக்டர் இளவழகனிடம் கத்திவிட்டுப் போனார்கள்.

"பிடுங்கின இடம் ஆறணும். அளவெடுக்கணும். செட்டு மூணு தடவை வேலூர் லேபுக்கு பஸ்ல போய் வரணும். உள்ளதைச் சொல்லு. இன்னொருத்தர் தேதி தப்பிடுச்சுன்னு வந்து கத்தினா, உன் நாற்காலியில வேற ஆள் உக்காருவாங்க" என்றார் டாக்டர்.

அதனால்தான் சடையனிடம் நாற்பத்தெட்டு நாள் என்று உண்மையைச் சொன்னாள். அவர் விரல் விட்டு எண்ணித் திணறியதைப் பார்த்து, மண்டலம் என்றாள்.

"அது கணக்குக்குச் சொன்னதுங்க. விரதமெல்லாம் வாணாம்."

"கழுத்துல ஏறிடுச்சி. செட்டு வாயில ஏறினாதான் இது எறங்கும்."

அன்று மாலையே சடையனின் மனைவி முத்தம்மா போன் செய்தாள்.

"செட்டு சரியா என்னிக்கி வரும்?"

"நாப்பத்தெட்டாம் நாளுங்க."

"முன்ன பின்ன ஆவாதே?"

"ஆவாதுங்க."

முத்தம்மா சட்டென்று போனை வைத்துவிட்டாள். கத்தலைவிட அது மஞ்சுளாவுக்குப் பயமாக இருந்தது. மறுநாளும் போன் வந்தது. அதற்கு மறுநாளும்.

அளவெடுக்கும் நாள் வந்தது.

"டாக்டரு இன்னா சாப்ட்டாரு?" என்று சடையன் கேட்டார்.

பிரியாணி. பொட்டலத்தை வாங்கி வந்தவளே மஞ்சுளாதான். அவள் உள்ளே போனாள்.

"பல் அளவெடுக்க நான் ஏன்மா குளிக்கணும்?" என்றது டாக்டரின் குரல்.

"இன்னிக்கி எடுக்கலன்னா தேதி தப்பிடும் சார்."

கால் மணி நேரத்தில் டாக்டர் ஈரத் தலையோடு வந்து அச்செடுக்கும் மாவைக் குழைத்தார்.

"இது இன்னாது, களி மாரி?"

"கடல்பாசி."

"மீனு இருக்கற கடலா?"

டாக்டர் மஞ்சுளாவைப் பார்த்தார்.

"மீன் இல்லாத பக்கம்ங்க" என்றாள் மஞ்சுளா. சடையன் வாயைத் திறந்தார்.

இதையெல்லாம் பெஞ்சிலிருந்து கெங்கம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கு ஒத்தப் பல்லுதான் கட்டணும். எத்தினி நாளு விரதம்?"

"உங்களுக்கு வாணாம்மா."

"ஏன், ஒத்தப் பல்லுன்னா எளக்காரமா?"

"சரி, மூணு நாளு."

அடுத்த வாரம் பெஞ்சில் இருந்த ஒன்பது பேரில் ஆறு பேர் மாலையோடு இருந்தார்கள். ஒருவர் வெறும் பல்வலிக்கு வந்தவர். ஆறு பேருக்கும் சேர்த்து ஒரே குளியல் போதுமா என்று டாக்டர் தும்மிக்கொண்டே கேட்டார்.

நாற்பத்தைந்தாம் நாள் லேபிலிருந்து போன் வந்தது. மேல் செட்டில் விரிசல் விழுந்துவிட்டது, புதிதாகச் செய்யப் பத்து நாள் ஆகும்.

மஞ்சுளா டாக்டரிடம் சொன்னாள். அவர் அவளுடைய நாற்காலியை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அன்று முத்தம்மாவின் போனை அவள் எடுக்கவில்லை.

நாற்பத்தெட்டாம் நாள் காலை தேங்காய், கற்பூரத்தோடு சடையன் வந்தார். பின்னால் பட்டுப்புடவையில் முத்தம்மா. மாலை போட்டவர்கள் எழுந்து வழிவிட்டார்கள்.

'நாளைக்கு வந்துடும்' என்ற சொல் மஞ்சுளாவின் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினாள்.

"லேபுல செட்டு விரிசல் வுட்டுடுச்சிங்க. இன்னும் பத்து நாளு ஆவும்."

டாக்டரின் அறைக் கதவு மெல்லத் திறந்தது. சடையன் தேங்காயைக் கீழே வைத்தார்.

"அப்போ மாலை?"

மஞ்சுளா தலை குனிந்தாள். முத்தம்மா விறுவிறுவென்று வந்து அவள் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துப்போனாள். அடி விழப்போகிறது என்று மஞ்சுளா கண்களை மூடிக்கொண்டாள்.

"பத்து நாளு பத்தாதும்மா" என்றாள் முத்தம்மா, உள்ளே கேட்காத குரலில். "முப்பது வருசமா என்ன 'ஏய்'னு கூப்ட்ட மனுசன், மாலை போட்டதுலேர்ந்து 'சாமி, சாப்ட்டீங்களா'ன்னு கேக்கறாரு. ஒரு வருசம் ஆவும்னு சொல்லிடு."