பென் டிரைவில் இல்லாத அத்தை

மூன்றாவது தடவையும் டி.வி. "இந்த ஃபைலை இயக்க முடியவில்லை" என்றது. டேவிட் பென் டிரைவை உருவி, சட்டையில் துடைத்து, மறுபடி சொருகினார். டி.வி. மனம் மாறவில்லை.

"நான் கீறனா இல்லியான்றது அப்பறம். மொதல்ல படமே வர்லியே?" என்றார் சோபாவில் இருந்த எவாஞ்சலின்.

மாப்பிள்ளை லிபினைத் தாய் ஸ்தானத்தில் இருந்து வளர்த்த அத்தை அவர். இரண்டு மாதத்துக்கு முன், வேலப்பன்சாவடியில் ஒரு மண்டபத்தின் மாடி ஹாலில், லிபினுக்கும் டேவிட்டின் மகள் ரெனிதாவுக்கும் வரவேற்பு நடந்தது. அன்று வாசலில் அரை மணி நேரம் நின்றும் ஒருவர்கூட "வாங்க" என்று சொல்லவில்லை என்பது எவாஞ்சலினின் புகார். சாப்பிடாமலே ஆவடிக்குத் திரும்பிவிட்டார். அவருடைய புது வீட்டு ஜெபம் அடுத்த ஞாயிறு. லிபினுக்கு மட்டும்தான் அழைப்பு. ரெனிதா தினமும் போனில் அழுதுகொண்டிருந்தாள்.

"கூப்டாம உட்ருப்போமா? வீடியோலயே பாத்துரலாம், வாங்க" என்று டேவிட் மார்தட்டியதால்தான், இன்று எவாஞ்சலின் கணவர் ஜேம்ஸோடு முகப்பேர் ஃபிளாட்டுக்கு வந்திருந்தார். ஜேம்ஸ் வந்ததிலிருந்து வாயே திறக்கவில்லை. மிக்சரில் கடலையை மட்டும் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தார்.

டேவிட் போன் போட, வீடியோ எடுத்த மதிவதனி காட்டுப்பாக்கம் கடையைப் பூட்டிவிட்டு லேப்டாப்போடு ஸ்கூட்டியில் வந்து சேர்ந்தாள்.

"அண்ணா, அஞ்சு மணி நேரமும் ஒரே ஃபைலு. இந்தப் பழைய டி.வி. அவ்ளோ பெருச முழுங்காது. துண்டு துண்டா வெட்டித் தரேன்."

பன்னிரண்டு துண்டாக்கி, வரிசையாக நம்பர் போட்டுக் கொடுத்தாள். படம் ஓடியது. எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ரெனிதா வெள்ளைப் புடவையில் சர்ச் படி ஏறினாள். அடுத்த காட்சியில் காரில் ஏறி, அம்மாவைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். அதற்கடுத்து "நன்றி, வணக்கம்" வந்தது. அப்புறம் மோதிரம் மாற்றினார்கள்.

"இன்னாம்மா இது? தாலி கட்றதுக்கு முன்னாடியே பொண்ண அனுப்பிச்சிட்டீங்க?" என்றார் எவாஞ்சலின்.

"டி.வி. ஒண்ணுக்கப்பறம் பத்து, பதினொண்ணுனு எடுக்குது ஆன்ட்டி. ரெண்டு அப்பறம்தான் வருது."

"ஒழுங்கா எண்ணத் தெரியாத டி.வி.ய வச்சிக்கினு என்ன கூப்ட்டாங்களாம்."

வரவேற்புத் துண்டு வந்தபோது பாட்டு மட்டும் ஓடியது. படம் டேவிட்டின் திறந்த வாயோடு உறைந்து நின்றது.

"ரொம்ப கனமா கீது. நல்லா அமுக்கிடறேன்" என்று மதிவதனி மொத்தத்தையும் கம்ப்ரஸ் போட்டாள். ஒரு மணி நேரம் ஆனது. அதற்குள் டேவிட்டின் மனைவி செலின் இரண்டு தடவை காபி போட்டுவிட்டாள்.

இப்போது படம் தங்குதடையில்லாமல் ஓடியது. முகங்கள்தான் இல்லை. எல்லோர் கழுத்துக்கு மேலும் கட்டம் கட்டமாக ஏதோ அசைந்தது. செலின் மட்டும் நம்பிக்கை இழக்கவில்லை. திரைக்கு ஓடிப்போய்ப் பச்சையாகத் தெரிந்த ஒன்றைத் தொட்டுக் காட்டினாள்.

"இதோ அண்ணி! பச்சப் பொடவ! பக்கத்துலயே நானு, வாங்கன்னு கூப்புட்றேன் பாருங்க!"

எவாஞ்சலின் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "அது வாழமரம்."

மதிவதனிக்கு ரோஷம் வந்துவிட்டது. "வாசல்லயே ஒரு கேமரா மொதல்லேந்து கடசி வரிக்கும் நின்னுச்சு. அத மட்டும் அமுக்காம தரேன். ஒரு மூஞ்சி தப்பாது."

உண்மையிலேயே ஒன்றும் தப்பவில்லை. வேகமாக ஓட்டிப் பார்த்தார்கள். செலின் வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் ரோஜாப்பூ கொடுத்து வாய் நிறைய "வாங்க, வாங்க" என்றாள். தண்ணீர் கேன் போட வந்தவருக்குக் கொடுத்தாள். ஜெனரேட்டர்காரருக்குக்கூடக் கொடுத்தாள். வீடியோ முடிந்தது. எவாஞ்சலின் வரவே இல்லை.



"ஜெனரேட்டருக்கு வந்தவனுக்குப் பூவு" என்றார் எவாஞ்சலின். "லிபின நான்தான் தூக்கி வளத்தேன். எனக்கு ஒரு வார்த்த இல்ல. இப்ப என்ன வெட்டியும் எடுத்துட்டீங்க."

"சத்தியமா வெட்டல ஆன்ட்டி!" மதிவதனி லேப்டாப்பில் அசலைத் திறந்து காட்டினாள். அதிலும் இல்லை. அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. அவர் வந்த நேரம் பார்த்துக் கேமராவை நிறுத்திவிட்டு போண்டா தின்னப் போயிருப்போமோ?

டேவிட் எழுந்து டி.வி.யை அணைத்தார். சம்பந்தி முன்னால் போய்க் கையைக் கூப்பினார்.

"ஒத்துக்கறேன், சம்மந்தியம்மா. அன்னிக்கி இருந்த பதட்டத்துல யாரு வந்தா, யாரு போனான்னே எனக்குத் தெரியல. ப்ரூஃப் காட்டணும்னு உங்கள இட்டாந்தேனே, அது அதவிடப் பெரிய தப்பு. மன்னிச்சிருங்க."

செலின் பக்கத்தில் உட்கார்ந்து எவாஞ்சலின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இப்ப கூப்புட்றேன் அண்ணி. வாங்க. மொதல்ல சாப்புடுங்க."

எவாஞ்சலின் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "ஞாயித்துக்கெழம காலைல பத்து மணிக்கு ஜெபம். ரெனிதாவ மொத நாளே வரச் சொல்லிடுங்க. வேல நெறைய கீது."

பிரியாணி தட்டுக்கு வந்தது. செலின் அடுப்படியிலிருந்தே போனில் மகளிடம் கத்தினாள். அந்தப் பக்கம் ரெனிதா மறுபடி அழுதாள். இது வேறு அழுகை.

மதிவதனிக்குத்தான் சோறு இறங்கவில்லை. பாதியில் எழுந்து, பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். வழியனுப்ப ஜேம்ஸ் கூடவே படியிறங்கி வந்தார். ஸ்கூட்டி அருகே நின்று, மேலே பால்கனியை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"மனச போட்டு ஒழப்பிக்காதம்மா, உன் கேமரா மேல தப்பில்ல. அன்னிக்கி நாங்க அர மணி நேரம் நின்னது கீழ் ஹால் வாசல்ல, எவனோ ஒருத்தன் கல்யாணம். வண்டி எடுக்கறப்பதான் நான் போர்டப் பாத்தேன். அவளுக்கு இன்னும் தெரியாது."