ரிவர்ஸில் ஒரு வீட்டுவண்டி

"கையை மட்டும் காட்டு, வெர்னா. வாயைத் திறக்காதே" என்று பிக்கப் டிரக்கின் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிச் சொன்னார் ஹார்லன்.

பிக்கப்புக்குப் பின்னால், கொக்கியில் மாட்டி இழுத்து வந்த முப்பதடி நீள வீட்டுவண்டி. அதை ஏரிக்கரை முகாமில், இரண்டு பைன் மரங்களுக்கு நடுவே ரிவர்ஸில் சொருக வேண்டும். அவர் மனைவி வெர்னா முதலில் இறங்கிப் போய் இடத்தைப் பார்த்துவிட்டு வந்து, பின்னால் நின்றுகொண்டாள்.

ஓரிகன் மலைச்சாலையில் ஏரி ஏரியாகக் கடந்து வந்தும் ஹார்லன் ஒன்றைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கூடாரத்தில் படுத்துத் தூங்குகிறவர்களைக் கரித்துக் கொட்டுவதற்கே நேரம் சரியாக இருந்தது. முகாம் வாசலில் இருந்த அம்புக்குறிப் பலகையையும், "இதெல்லாம் புதுசா வர்றவனுக்கு" என்று ஒதுக்கிவிட்டு எதிர்ப்பக்கமாக நுழைந்திருந்தார். அப்பேர்ப்பட்ட அனுபவசாலி.

போன கோடையில் இந்த அனுபவசாலி இதே வண்டியால் ஒரு முகாமின் கழிப்பறைச் சுவரைப் பதம் பார்த்தார். அன்றைக்கே வெர்னா கறாராகச் சொல்லிவிட்டாள். இன்னொரு தடவை சொதப்பினால் வீட்டுவண்டியை விற்றுவிட வேண்டும். அவரும் வீறாப்பாகச் சரி என்றிருந்தார். பெற்ற பிள்ளைகளின் பிறந்தநாளை மறந்தாலும், அந்த வண்டியின் டயருக்குக் காற்றடிக்க மறக்காத மனிதர்.

வண்டி பின்னால் நகர்ந்தது. இடப்பக்க மரத்தில் சர்ரென்று உரசி நின்றது.

"நிறுத்துன்னு கையைக் காட்டக் கூடாதா?"

"காட்டினேனே."

"அது டாட்டா காட்டின மாதிரி இருந்துச்சு."

மரத்திலிருந்து விலக ஸ்டியரிங்கை ஒடித்தார். தண்ணீர்க் குழாய் சாய்ந்து பீச்சியடித்தது. குழாயிலிருந்து தப்ப மறுபக்கம் ஒடித்தார். வண்டியின் வெயில் மறைப்புத் துணி கிளையில் மாட்டி டர்ரென்று கிழிந்தது. அதற்குள் மண் சேறாகி, சக்கரம் புதைந்துவிட்டது.

முகாமே மடக்கு நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வந்து, கையில் பியரோடு வரிசையாக உட்கார்ந்திருந்தது.

"தலைவரே, வலப்பக்கம் ஒரு மரம் பாக்கி இருக்கு" என்றது ஒரு குரல்.

ஹார்லனுக்குக் காதெல்லாம் சிவந்தது. "எல்லாம் உன்னாலதான். வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கே?"

"திறக்காதேன்னு சொன்னது யாரு?" என்றாள் வெர்னா சாந்தமாக.

பக்கத்துக் கூடாரத்தில் சாஸேஜ் வாட்டிக்கொண்டிருந்த கிளைட் என்ற மீசைக்காரர், கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். சேற்றில் நின்ற வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"சார், இது ரிவர்ஸ் எடுக்கிற இடமே இல்லை. மரத்துக்கு அந்தப் பக்கம் வழி இருக்கு. நேரா ஓட்டிட்டு உள்ள வந்திருக்கலாம்."

ஹார்லனுக்கு அழுகையே வந்துவிட்டது. அவருடைய வண்டி, அவருடைய கண்ணெதிரே, கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. "இதை முன்னாடியே சொல்லித் தொலைச்சா என்னய்யா?"

"இடம் பாக்க வந்தப்பவே உங்க வீட்டம்மாகிட்ட சொன்னேன் சார். 'அவர்கிட்ட மூச்சு விட்டுடாதீங்க, நாளைக்கே வண்டியை உங்களுக்கு வித்துடறோம்'னு சொல்லிட்டாங்க."