ஹெட்லியின் சாய்ந்த டிரெய்லர்

செவ்வாய்க்கிழமை காலை, ஆடு ஏற்றும் டிரெய்லர், காது மந்தமான கிழவர் பக்கத்து ஆளின் பேச்சைக் கேட்பதுபோல, வீட்டுப் பக்கமாகச் சாய்ந்து நின்றது. ஹெட்லி டிரெம்பாத் தூறலில் குந்தி உட்கார்ந்து சக்கரத்தைப் பார்த்தார்.

“சஸ்பென்ஷன் போயிடுச்சு,” என்றார், துக்கச் சேதி சொல்லும் குரலில்.

“அதுகூடப் போயிடுச்சு. நாமதான் போகாம உக்காந்திருக்கோம்,” என்றாள் ஜன்னலிலிருந்து மனைவி லவ்டே.

போவது என்றால் ட்ரூரோ டவுனில் அவள் தங்கை பார்த்து வைத்திருந்த மாடி வீட்டுக்கு. ஹெட்லியின் பாட்டனும் முப்பாட்டனும் இந்தக் கார்ன்வால் மேட்டுக்கு அடியில் தகரச் சுரங்கம் தோண்டி, மேலே இந்தக் கல்வீட்டைக் கட்டினார்கள். அதன் நாற்பது வருஷ ஈரம் லவ்டேயின் முழங்காலில் குடியேறியிருந்தது. ஹெட்லிக்கோ இதைவிட்டால் வேறு உலகம் இல்லை.

“சனிக்கிழமைக்குள்ள அதை நேரா நிறுத்திக் காட்டுங்க. சாகற வரைக்கும் இந்த வீட்டுலயே இருப்போம், நான் வாயே திறக்க மாட்டேன். முடியலேன்னா ட்ரூரோ,” என்றாள் லவ்டே.

“ஒரு யூனிட்டு மாத்தற வேலை. இதுக்குப் பந்தயமா?”

யூனிட் என்பது சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கை, உள்ளே ரப்பர். பதினைந்து வருஷத்தில் ரப்பர் செத்துப்போயிருந்தது. சாய்ந்த பக்கத்துக்கு மட்டும் புதுசு வாங்கினார். துருவேறிய நாலு போல்ட்டைக் கழற்ற ஒரு பகல் ஆயிற்று. நாலாவது கழல்வதற்குள் அவர் விட்ட வசவில், மேட்டுக்கு அந்தப் பக்கம் ஆடுகள் மேய்வதையே நிறுத்திவிட்டனவாம்.

புதன் காலை டிரெய்லர் முன்னைவிடச் சாய்ந்து நின்றது.

“ஜோடியா மாத்தணும்யா,” என்றார் ஃபோனில் பட்டறைக்கார நான்கிவெல். “ஒரு கால்ல புதுச் செருப்பு, ஒரு கால்ல பழசுன்னா நடை எப்படி இருக்கும்?”

ஜோடியாக மாற்றினார். வியாழன் காலை சாய்வு இன்னும் இரண்டு விரற்கடை கூடியிருந்தது. பட்டறைக்கே இழுத்துப் போனார். நான்கிவெல் ரசமட்டம் வைத்துப் பார்த்தார்.

“ஊசி மாதிரி நிக்குது. உன் கண்ணாடியை மாத்து.”

வீட்டுக்கு வந்து நிறுத்தினார். சாய்ந்தது.

“அங்க நேரா நின்னுச்சு லவ்டே. சத்தியமா.”

“ஆம்பளைங்க எல்லாருமே பட்டறையில நேராத்தான் நிக்கறீங்க. வீட்டுக்கு வந்தாத்தான் சாயறீங்க.”

தாழ்ந்த பக்க யூனிட்டுக்கு மேலே இரும்புத் தகடு ஒன்று கொடுத்துத் தூக்கினார். வெள்ளி காலை அதுவும் போதவில்லை. இன்னொன்று. அதன்மேல் இன்னும் ஒன்று. மத்தியானம் ஒருவழியாக நேராக நின்றது. நான்கிவெல்லின் வாயை அடைக்கலாம் என்று ரோட்டில் ஏற்றினார். அங்கே டிரெய்லர் மறுபக்கம் சாய்ந்து குடிகாரன்போல் வந்ததில், எதிரே வந்த பஸ் டிரைவர் பிரார்த்தனை செய்துகொண்டே பஸ்ஸை வேலிக்குள் இறக்கினார்.

“நல்லா இருந்த வண்டியை நீதான் கெடுத்தே,” என்றார் நான்கிவெல். “பழைய இரும்புக்குப் போட்டுடு.”

சனிக்கிழமை. ஏழு தகடு கொடுத்தாகிவிட்டது. எட்டாவது கைவசம் இல்லை. டிரெய்லர் சாய்ந்தே நின்றது. உள்ளே லவ்டே பீங்கான் கோப்பைகளைப் பேப்பரில் சுற்றும் சத்தம் கேட்டது. ஹெட்லி வாசலில் நனைந்தபடி உட்கார்ந்து, கல்சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டார். முப்பாட்டன் தன் சுரங்கத்துக்கு மேலேயே கட்டிய வீடு, ஒரு டிரெய்லரால் போகிறது.

தபால்காரப் பெண் டாம்சின் கடிதத்தோடு வந்தாள்.

“நீயே பாத்துச் சொல்லும்மா,” என்றார் அழாத குறையாக. “இந்த வண்டி எதனாலதான் நேரா நிக்க மாட்டேங்குது?”

டாம்சின் வண்டியைப் பார்க்கவில்லை. கேட்டைத் திரும்பிப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள், தன் காலடியைப் பார்த்தாள்.

“வண்டி கெடக்கட்டும் மாமா. அத்தையக் கூட்டிட்டு மெதுவா, அதிர நடக்காம, ரோட்டுக்கு வந்துடுங்க. பதினோரு வருஷமா கேட்டுலேர்ந்து இந்த வாசலுக்கு நான் ஏறித்தான் வருவேன். இன்னிக்கு இறங்கி வந்திருக்கேன்.”