இரண்டாவது மஞ்சள் தடுப்புக்குப் பின்னால்

பாசமுள்ள அக்காவுக்கு,

உன் தம்பி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி, "பொய் எழுதாதீங்க" என்றாள். ஆகவே இங்கே யாருக்கும் காய்ச்சல் இல்லை என்று மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன். அங்கே நீ, அத்தான், அத்தானின் முழங்கால், அப்புறம் பதினோரு நாளாக உன் வீட்டு மாடி அறையில் இருந்துகொண்டு என் போனை எடுக்காமலிருக்கும் என் மகள், எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? அவள் வேளைக்குச் சாப்பிடுகிறாளா? போனில் சொன்னால் நீ பாதியிலேயே "விடுடா, எல்லாம் சரியாயிடும்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். இதையும் நீ பாதியில் கீழே வைக்கலாம், ஆனால் எனக்குத் தெரியவராது.

அவள் உன்னிடம் எதுவும் சொல்லியிருக்க மாட்டாள். ஆகையால் நானே முதலிலிருந்து சொல்கிறேன். அவள் வாரம் ஆறு நாள் பல் செட் செய்யும் லேபில் ஊர்க் கிழவர்களுக்கெல்லாம் பல் செய்கிறாள், ஞாயிற்றுக்கிழமை பெயின்ட்பால் ஆடுகிறாள் என்பது உனக்குத் தெரியும். பெயின்ட்பால் என்றால் என்ன என்று அத்தான் கேட்பார். பக்கத்துக்கு ஐந்து பேர். தலை முழுக்க மூடிய கவசம். கையில் காற்றால் சுடும் துப்பாக்கி, அதற்குள் கோலிக்குண்டு அளவில் சாயக் குண்டுகள். மேலே பட்டுச் சாயம் தெறித்தால் அவுட். மைதானத்தைச் சுற்றி வலை, உள்ளே முழுக்கக் காற்றடைத்த தடுப்புகள் நிற்கும், அவற்றின் பின்னால் ஒளிந்து ஒளிந்து முன்னேற வேண்டும். எந்தப் பக்கத்தில் ஒருவர்கூட மிச்சமில்லையோ அந்தப் பக்கம் தோற்றது. அவ்வளவுதான். மூடிக் கிடக்கும் மரக்கிடங்கின் பின்புறத்தில் நான்கு வருடமாக இதை ஆடுகிறார்கள், அவள்தான் பச்சை அணிக்குத் தலைவி.

போன வருடம் ஒரு நாள் சாப்பிடும்போது, இதைப் பெரிய விளையாட்டாக்கப் போகிறோம், ஆட்களை உட்காரவைத்துப் பார்க்கவைக்கப் போகிறோம் என்று ஆசையாகச் சொன்னாள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "குண்டு கண்ணுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். "தெரியாதுப்பா, ரொம்ப வேகம்." "ஆடுறவங்க முகம்?" "கவசம் போட்டிருப்போமே." "சரி, ஆளாவது?" "நல்லா ஆடினா ஆளும் தெரியாது." நான் சிரித்துவிட்டேன். "குண்டும் தெரியாது, முகமும் தெரியாது, ஆளும் தெரியாது. அப்போ வர்றவன் என்னத்தம்மா பார்ப்பான்? வலையையா?" என்றேன். அவள் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து போனாள். அன்றைக்கு என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். கேள்வி நியாயமான கேள்விதான் அக்கா. கேட்ட இடமும் சிரித்த சிரிப்பும்தான் தப்பு.

அவளுக்கு அது வெறும் ஆசையில்லை என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது. வெளியூர்ப் போட்டிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், லேப் முதலாளியிடம் லீவு கேட்டிருக்கிறாள். "எந்த விளையாட்டுக்கும்மா?" என்று கேட்டுவிட்டு, விளையாட்டு ஆணையத்தின் பட்டியலை எடுத்துப் பார்த்திருக்கிறார். அதில் கயிறு இழுத்தல் இருந்தது, கேரம் இருந்தது, இது இல்லை. "பட்டியல்ல இல்லாததுக்கு லீவு இல்ல" என்று சொல்லிவிட்டு, அவள் கையில் எட்டுப் பேருடைய கீழ்த்தாடை அச்சைக் கொடுத்தாராம். அன்றிலிருந்து ஆணையத்துக்கு மனு மேல் மனு. ஒன்பதாவது மனுவுக்குப் பதில் வந்தது. அதிகாரி ஒருவர் நேரில் வந்து இறுதிப் போட்டியைப் பார்ப்பார். இருநூறு பேருக்குக் குறையாமல் வந்து, கடைசிவரை உட்கார்ந்து பார்த்தால் பரிசீலிப்பார்கள்.

போட்டிக்கு நான்கு நாள் முன்பு, அறிவிப்புச் செய்ய ஒப்புக்கொண்டவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. அக்கா, ரயில் நிலையத்தில் முப்பத்தோரு வருடம் அறிவிப்பாளராக இருந்தவன் வீட்டிலேயே இருக்கும்போது வேறு ஆள் எதற்கு? நானே போய், "நான் பேசட்டுமாம்மா?" என்றேன். சாப்பாட்டு மேசையில் சிரித்ததற்குப் பிராயச்சித்தம் மாதிரி இருக்கட்டும் என்று நினைத்தேன். "ஒண்ணே ஒண்ணுப்பா. யாரு அவுட்டு, எத்தனை பேர் மிச்சம், அதை மட்டும் சொல்லுங்க. யாரு எங்க இருக்காங்கன்னு சொல்லக் கூடாது. ஸ்பீக்கர்ல சொல்றது ஆடுறவங்களுக்கும் கேக்கும்." "இதுகூடத் தெரியாதா எனக்கு?" என்றேன். அந்த வார்த்தையை இப்போது நினைத்தால் எனக்கே அழுகையாக வருகிறது.

இருநூறு பேரைச் சேர்க்கும் பொறுப்பையும் நானே ஏற்றுக்கொண்டேன். ஓய்வு பெற்ற ரயில் ஊழியர் சங்கத்திலிருந்து நூற்றிருபது பேர் வந்தார்கள், எல்லோரும் சொல்லிவைத்தாற்போலக் குடையோடு. முடிதிருத்தும் நண்பர் கடையை அடைத்துவிட்டு, பாதி முகம் வழித்திருந்த வாடிக்கையாளரையும் கையோடு அழைத்து வந்தார். என் மனைவி தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கி, "பொண்ணு ஆடுது, வந்து உட்காருங்க, புரியலைன்னாலும் பரவாயில்ல" என்று கூப்பிட்டாள். இருநூற்றுப் பதினான்கு தலை. நானே இரண்டு தடவை எண்ணினேன். அதிகாரி வந்தார். மெலிந்த மனிதர், மடியில் ஒரு கோப்பு, கோப்பின் மேல் கை. யாரிடமும் பேசவில்லை.

முதல் ஆட்டம் ஆரம்பித்தது, பட படவென்று சத்தம் கேட்டது, முடிந்துவிட்டது. மொத்தம் ஒன்றரை நிமிடம். எங்கள் தெருத் தையல்காரர் பிளாஸ்கின் மூடியைத் திறந்து டீ ஊற்றி நிமிர்வதற்குள் சிவப்பு அணி ஜெயித்திருந்தது. "ஆரம்பிச்சிடுச்சா?" என்று கேட்டார். இரண்டாவது ஆட்டத்தில் சாயம் முழுக்கப் பார்வையாளருக்கு முன்னால் கட்டியிருந்த வலையில் வந்து அப்பியது. முன்வரிசைக்குப் பச்சையாக ஒரு சுவர்தான் தெரிந்தது. பழைய ரயில் கார்டு ஒருவர் எழுந்து போய்க் கைக்குட்டையால் வலையைத் துடைத்துப் பார்த்தார், நடுவர் விசில் ஊதி அவரைத் திருப்பி அனுப்பினார். அதற்கு மட்டும் கொஞ்சம் கைதட்டல் கிடைத்தது. அந்த ஆட்டத்தைப் பச்சை ஜெயித்தது. அதிகாரி பக்கத்தில் இருந்தவரிடம், "இப்போ ஸ்கோர் என்னங்க?" என்று கேட்டார். அவரோ நாற்பது வருடம் சிக்னலில் வேலை பார்த்தவர். "தகவல் இன்னும் வரலைங்க" என்று பதில் சொன்னார். நான் மைக்கில் ஒழுங்காகத்தான் இருந்தேன். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று இரண்டு முறை வாயில் வந்துவிட்டது, அதைத் தவிர வேறு குற்றம் இல்லை. அவுட் ஆனவர்கள், மிச்சமிருப்பவர்கள், அவ்வளவுதான் சொன்னேன்.

மூன்றாவது ஆட்டம்தான் முடிவு சொல்வது. அதில் பச்சைக்கு நாலு பேரும் போய், என் மகள் ஒருத்தி மட்டும் மிஞ்சினாள். சிவப்பில் இரண்டு பேர். அவள் என்ன செய்தாள் தெரியுமா? இடப்பக்கம் முழங்கால் உயரமே இருந்த ஒரு தடுப்பின் பின்னால் தரையோடு தரையாகப் படுத்துவிட்டாள். அசைவே இல்லை. அந்த இரண்டு பேரும் அவளைக் காணாமல் மைதானத்தின் நடுவுக்கு வந்துகொண்டிருந்தார்கள், வரட்டும் என்று காத்திருக்கிறாள். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், நான்கு நிமிடம். அவர்கள் தேடித் தேடி அவளுக்கு முதுகைக் காட்டிவிட்டார்கள். இன்னும் ஐந்தாறு அடி, இருவரும் அவுட். நான் அறிவிப்பு மேடை மேல் இருந்ததால் எனக்கு அது அத்தனையும் தெரிந்தது. வேறு யாருக்கும் தெரியவில்லை. ஆட்டம் முடிந்துவிட்டது என்று நினைத்துச் சங்கத்து ஆட்கள் குடையை மடக்க ஆரம்பித்தார்கள். தையல்காரர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். அதிகாரி கோப்பை மூடினார். அப்போது என் வாய் தவறிவிட்டது அக்கா. முப்பத்தோரு வருடப் பழக்கம், அது என்னை மீறி வந்துவிட்டது. "கவனிக்கவும். பச்சை அணியின் கடைசி வீராங்கனை, இடப்பக்கம், இரண்டாவது மஞ்சள் தடுப்புக்குப் பின்னால், தரையில் படுத்திருக்கிறார்." தெளிவாக, நிறுத்தி நிதானமாக, இரண்டு முறை.

இருநூற்றுப் பதினான்கு தலையும் இடப்பக்கம் திரும்பின. சிவப்பு அணியின் இரண்டு தலைகளும் திரும்பின. அவள் எழுந்தபோது முதுகிலும் தோளிலும் ஏழெட்டு இடத்தில் சாயம். கையை மேலே தூக்கிக்கொண்டு, கவசத்தைக் கழற்றாமல், யாரையும் பார்க்காமல் வெளியே நடந்தாள். கொடுமை என்னவென்றால், அன்றைக்கு அத்தனை பேரும் எழுந்து நின்று கைதட்டியது அப்போதுதான். "அடேயப்பா, அங்கேயா இருந்தா!" என்று பழைய கார்டு கத்தினார். யாருமே வீட்டுக்குக் கிளம்பவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தாள். குளித்தாள். பையில் துணியை எடுத்து வைத்தாள். நான் கதவருகே நின்று, "பழக்க தோஷம்மா, வாய் தவறிடுச்சு" என்றேன். திரும்பிப் பார்த்தாள். "முப்பத்தோரு வருஷம் ஒரு பிளாட்பாரம்கூடத் தப்பா சொன்னதில்லன்னு சொல்வீங்களே அப்பா, இன்னிக்கும் சரியாத்தான் சொன்னீங்க." அவ்வளவுதான். சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி மனம் ஆறியிருப்பேன். அவள் பஸ் ஏறி உன் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

முந்தாநாள் ஆணையத்தின் கடிதம் வந்தது. அவள் பெயருக்கு வந்ததைப் பிரித்தது என் இரண்டாவது குற்றம். அதையும் சேர்த்தே மன்னிக்கச் சொல். அதில் எழுதியிருப்பது இது: பார்வையாளர் வந்தனர், கடைசிவரை இருந்தனர், எழுந்து நின்று கைதட்டினர். ஆனால் ஒளிந்திருப்பவரின் இடத்தை ஒலிபெருக்கியில் எதிரணிக்குத் தெரிவிக்கும் முறை விளையாட்டுக்கு உரியதல்ல. இரண்டு ஆண்டுகள் கழித்து மீண்டும் விண்ணப்பிக்கலாம். அக்கா, இரண்டு ஆண்டு என்பது எனக்கு ஒன்றுமில்லை. அவளுக்கு இருபத்தேழு வயது. இரண்டு ஆண்டு பட்டியலில் இல்லாமல், லீவு இல்லாமல், அந்தத் தாடைகளுக்கு முன்னால் அவள் உட்கார்ந்திருக்க வேண்டும், என் வாயால்.

நான் பதினோரு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். மற்ற ஆட்டங்களில் நன்றாக ஆடுகிறவரைத்தான் எல்லோருடைய கண்ணும் தேடிப் போகும். இந்த ஆட்டத்தில் நன்றாக ஆடுகிறவர்தான் யார் கண்ணுக்கும் படாமல் இருக்கிறார். இது பட்டியலில் ஏறுமா, கூட்டம் தானாக வருமா என்று என்னால் சொல்ல முடியவில்லை. அறிவிப்பைப் பார்வையாளரின் காதுக்கு மட்டும் போகிற மாதிரி செய்யலாம் என்று தோன்றுகிறது, ஆளுக்கொரு காதுக்கருவி கொடுத்து. ஆனால் அதைச் சொல்ல எனக்கு இனி என்ன தகுதி? மைக்கை இனிமேல் தொடுவதில்லை என்று என் மனைவி முன்னிலையில் சொல்லிவிட்டேன். நீ அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, அப்பாவுக்கு வாய் தவறிவிட்டது, வேண்டுமென்று செய்யவில்லை, பழக்கம், வயது என்று பக்குவமாக எடுத்துச் சொல். நீ சொன்னால் கேட்பாள். சின்ன வயதில் நான் உடைத்ததையெல்லாம் நீ உடைத்ததாகச் சொல்லிக் காப்பாற்றியவள் நீ, இதையும் எப்படியாவது சரிசெய்து கொடு.

அத்தானுக்கு என் வணக்கம். முழங்காலை மடக்கி உட்கார வேண்டாம் என்று சொல். என் மகளுக்கு ஆசிகள், அவள் ஏற்றுக்கொள்ளும் அளவுக்கு.

இப்படிக்கு,
தலைகுனிந்திருக்கும் உன் தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டு மறுபடி கிழித்துவிட்டேன். மேலே எழுதியதில் ஒரு பொய் இருக்கிறது. வாய் தவறவில்லை அக்கா. நன்றாகத் தெரிந்துதான் சொன்னேன். அவள் அங்கே மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள். அவ்வளவு அழகாக ஒருத்தி ஒளிந்திருந்து நான் பார்த்ததில்லை. இந்த ஆட்கள் அதைப் பார்க்காமலே குடையை மடக்கிக்கொண்டு எழுந்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. இதோ இருக்கிறாள் என் பொண்ணு, பாருங்கள் என்று சொல்ல வேண்டும் போல இருந்தது, சொல்லிவிட்டேன். அவள் தோற்பாள் என்பதும் அந்த நொடியில் எனக்குத் தெரியும். ஆகையால் வயது, பழக்கம் என்றெல்லாம் அவளிடம் சொல்லாதே. இந்தப் பக்கத்தை மட்டும் படித்துக் காட்டு. முன்னால் இருக்கும் பக்கங்களைக் கிழித்துப் போட்டுவிடு.