தொண்ணூற்றைந்தாம் கட்டத்துப் பாம்பு

மனித குணத்தை அளக்க உலகம் கண்டுபிடித்த கருவிகளில் தலைசிறந்தது பாம்பும் ஏணியும் விளையாட்டுதான். சும்மா சொல்லவில்லை. ஒரு பெரிய நிறுவனத்தில் பணியாளர் தேர்வு அதிகாரியாக இருபத்தாறு வருடம் குப்பை கொட்டியவன் சொல்கிறேன்.

என் வீட்டில் ஞாயிறு மாலை நான்கு மணிக்கு ஆட்டம். தலைமை நான். ஆடுபவர்களின் குணத்தை நீலக் கோப்பில் பதிவு செய்வதும் நானே. என் பக்கத்தில் 'தோல்வி அறியாதவர். பிறவித் தலைவர்' என்றிருக்கும். பதினெட்டு வருடமாக நான் தோற்றதில்லை. மனைவி, மகள் இருவர் பக்கத்திலும் ஒரே குறிப்பு: 'எண்ணத் தெரியாது.' வருத்தமான விஷயம்தான். மனைவி மருந்துக்கடையில் நாள் முழுக்க மாத்திரை எண்ணிக் கொடுப்பவள். மகள் கல்லூரியில் கணிதம் நடத்துகிறாள். பகடையைக் கண்டால் மட்டும் இருவருக்கும் கணக்கு உதைக்கிறது.

அந்த ஞாயிறு மகள் ஒரு பல் டாக்டரை அழைத்து வந்தாள்.

"அப்பா, இவரைத்தான் கட்டிக்கப் போறேன். நீங்க சம்மதிக்கணும்."

"ஒரு ஆட்டம் ஆடட்டும், சொல்றேன்."

மகளின் முகம் வெளுத்தது. 'விண்ணப்பதாரர்' மட்டும் உற்சாகமாகக் காயை எடுத்துக்கொண்டார்.

ஆட்டம் சூடுபிடித்தது. மனைவியின் காய் தொண்ணூற்றொன்றில். பகடையில் மூன்று விழுந்தது. வழக்கம்போல் நான்கு கட்டம் தள்ளி, தொண்ணூற்றைந்தில், பாம்பின் வாயில் கொண்டுபோய் வைத்தாள்.

"ஆன்ட்டி, மூணுதானே விழுந்துச்சு? ஒரு கட்டம் அதிகமா போயிட்டீங்க," என்றார் விண்ணப்பதாரர். அடுத்த நொடி மகளைத் திரும்பிப் பார்த்தார். "ஏன் கால மிதிக்கிற? சரியாத்தானே சொல்றேன்?"

முப்பத்திரண்டு வரை பிசகாமல் எண்ணிப் பழகிய மனிதர். விடவில்லை. காய் தொண்ணூற்றுநான்குக்குத் திரும்பியது. அடுத்த முறை மனைவிக்கு ஆறு விழுந்தது. நூறு!

யாரும் கைதட்டவில்லை. "தெரியாம விழுந்துடுச்சுங்க," என்று மனைவி என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்.

நான் கோப்பைத் திறந்து, 'விண்ணப்பதாரர் குடும்ப ஒற்றுமையைக் குலைப்பவர். நிராகரிக்கலாம்' என்று எழுதத் தொடங்கினேன். மகள் பேனாவைப் பிடுங்கினாள்.

"பத்து வயசுல நான் உங்கள ஜெயிச்சேன். மூணு நாள் எங்கூட நீங்க பேசல, சாப்பிடக்கூட வரல. அதுலேர்ந்து நானும் அம்மாவும் பாம்பத் தேடித் தேடிப் போறோம். இதையும் எழுதிக்கோங்கப்பா."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அதிகாரியாயிற்றே, விட்டுக்கொடுக்க முடியுமா? 'மறுதேர்வு' அறிவித்தேன்.

இம்முறை டாக்டர் தொண்ணூற்றிரண்டில் நின்றார். இரண்டு விழுந்தது. அவர் என் மகளைப் பார்த்தார். பிறகு ஒன்று, இரண்டு, மூன்று என்று நிதானமாக எண்ணி, பாம்பின் வாயில் காயை வைத்தார்.

"அடடா, கவனிக்கல அங்கிள்."

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் வேண்டுமென்றே தப்பாக எண்ணியதை நான் என் கண்ணால் பார்த்தேன். வெட்கமாக இருந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. நான்கு போட்டு நூறுக்குப் போனேன்.

திருமணத்துக்கு ஒப்புதல் அளித்துக் கோப்பில் கையெழுத்திட்டேன்: 'தேர்ச்சி. எண்ணத் தெரியாது. நம் குடும்பத்துக்கு முற்றிலும் பொருத்தமானவர்.'

விளையாட்டு குணத்தைக் காட்டிவிடும் என்பதில் எனக்கு இப்போதும் சந்தேகமே இல்லை. குறை ஒன்றே ஒன்றுதான். இந்தப் பலகையில் ஏழு பாம்புகள் என்று பெட்டியின் மேல் அச்சடித்திருக்கிறார்கள். அவர்களுக்கும் எண்ணத் தெரியவில்லை. என்னையும் சேர்த்து எட்டு.